ஆறாவது சொல்

தையல்காரரின் மனைவி ஒரு புதன்கிழமை மத்தியானம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, பாடகியானார். அதுவரை அவர் பாடியதே கிடையாது. பிள்ளைகளைத் தூங்கவைக்கக்கூட வானொலியைத்தான் திருப்பிவிடுவார். கை நிறைய சோப்பு நுரையோடு வாயைத் திறந்தவர், எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும்படி ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடிவிட்டு, மிச்சப் பாத்திரத்தைக் கழுவப் போனார். அதே வாரத்தில் பால் விலையும் ஏறியிருந்ததால் ஊரில் இரண்டைப் பற்றியும் ஒரே குரலில் பேசிக்கொண்டார்கள். தையல்காரர் மட்டும், இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இப்படி ஒரு தொண்டை வீட்டுக்குள் இருந்தது தெரியாமல் போயிற்றே என்று கொஞ்சம் மனம் கலங்கினார். இருந்ததில்லை, புதிதாக வந்தது என்று அவருக்கு யார் சொல்வது? சொல்லக்கூடியவர் ஊரிலேயே ஒருவர்தான். அக்கா. அன்றைக்கு அக்காவுக்கே அது தெரியாது.

அக்கா கம்ப்யூட்டரில் நிரல் எழுதிப் பிழைப்பவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில், லிப்ட் மெக்கானிக்கான தம்பியோடு இருந்தார். தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தால், லிப்ட் பழுது என்று எங்கிருந்தாவது போன் வந்துவிடும். அவன் மாடிப்படியில் நின்று “அக்கா, சாவி!” “அக்கா, குடை!” என்று கத்திக் கத்தியே, பால்காரரிலிருந்து தலை நரைத்த நூலகர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் அக்காவாகிவிட்டார். தம்பி வீட்டிலேயே மோட்டார்களைப் பிரித்துப் போட்டு மாட்டுவான், ஸ்பானரைக் கீழே போடுவான். போட்டால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையில் இரண்டு இடி இடிப்பார். தம்பி பதிலுக்கு இன்னொரு ஸ்பானரைப் போடுவான். இது அந்தக் கட்டடத்தில் மணிக்கூண்டு மாதிரி.

ஊரில் ஒரு வீடியோக்காரர் இருந்தார். முப்பது வருஷம் ஊரின் கல்யாணங்களையும் பள்ளி விழாக்களையும் பந்தாட்டங்களையும் படம்பிடித்துவிட்டு, கண் மங்கியதும் கடையை மூடி, கேசட்டுகளை அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பொது நூலகத்தில் கொண்டுவந்து இறக்கினார். நூலகம் அத்தனையையும் இணையத்தில் ஏற்றியது. ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, பெட்டிகளின்மேல் ‘கல்யாணம்’, ‘இன்னொரு கல்யாணம்’, ‘மழையில் கல்யாணம்’, ‘பந்து’ என்பதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை என்று. யார் கல்யாணம், எந்தப் பந்து என்று வீடியோக்காரரைக் கேட்டால், “நான் வெளிச்சத்தைப் பாத்தேன் சார், முகத்தை யாரு பாத்தா?” என்றுவிட்டார். வெள்ளம்போல வீடியோ கிடக்கிறது, ஆனால் தேடினால் ஒரு சொட்டு அகப்படாது. அப்போதுதான் நூலகர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். பார்க்கிற ஜனங்களே படத்தை நிறுத்தி, முகத்தைத் தொட்டு, இன்னார், இப்படிப்பட்டவர் என்று ஒரு சொல் எழுதும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். பிறகு அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் அந்த முகம் வர வேண்டும். அதற்குக் குறிச்சொல் என்று நூலகர் பெயர் வைத்தார். ஜனங்கள் டேக் என்றார்கள். அக்காவின் அத்தை, பக்கத்துத் தெருவில் தனியாக இருப்பவள், அதை ‘ஒட்டு’ என்றாள். கடைசியில் பார்த்தால் அத்தை சொன்னதுதான் சரி.

அக்கா வேலையில் சுத்தம். சட்டதிட்டங்களை யோசித்து யோசித்து வைத்தார். நூலக அட்டை உள்ளவர்தான் எழுதலாம். ஊரைவிட்டுப் போனவர்களின் பழைய அட்டையும் செல்லும். ஓர் அட்டைக்கு ஒரு முகத்தில் ஒரு முறைதான் ஒரே சொல். ஒருவர் மட்டும் எழுதினால் சொல் சாம்பல் நிறத்தில் இருக்கும். வேறு வேறு ஆட்கள் மூன்று பேர் அதையே எழுதினால் கறுப்பாகி நிலைத்துவிடும். ஒரு முகத்துக்குக் கீழே, அதிகம் பேர் எழுதிய ஐந்து சொற்கள்தான் தெரியும். மற்றவை ‘மேலும்’ என்ற பொத்தானுக்குப் பின்னால் மறைந்திருக்கும். இரண்டு சொல்லுக்குச் சம எண்ணிக்கை வந்தால், முதலில் எழுதியது முன்னால், ரேஷன் வரிசை மாதிரி. இரண்டு எழுத்து அடித்ததுமே மிச்சத்தை அதுவே ஊகித்துக் காட்டும், வயதானவர்களுக்கு விரல் வலிக்காது. பிறகு யாரும் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசக்கூடாதே என்று, கட்டியவரும் கட்டியவர் வீட்டாரும் எழுதக்கூடாது என்று தன் கையாலேயே தனக்கும் பூட்டுப் போட்டுக்கொண்டார். எல்லாம் வைத்தார். எழுதிய சொல்லை நீக்கும் பொத்தானை மட்டும் வைக்கவில்லை. திறப்பு நாள் நெருங்கிவிட்டது. அது இரண்டாம் கட்டத்தில் வரட்டும் என்றார் நூலகர், சரி என்றார் அக்கா. இரண்டாம் கட்டம் என்று ஒன்று உலகத்தில் எங்கேயாவது வந்திருக்கிறதா என்று அந்தத் தொழிலில் இருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

திறந்ததும் ஜனங்கள் விழுந்து விழுந்து எழுதினார்கள். ஏதோ ஒரு கல்யாணத்தில், தொலைந்த குழந்தைச் செருப்பு கிடைத்துவிட்டது என்று சொல்வதற்காக மைக்கைப் பிடித்த தையல்காரரின் மனைவியை, அந்தக் கேசட்டில் சத்தம் கெட்டுப்போயிருந்ததால், மூன்று பேர் ‘பாடகி’ என்று எழுதினார்கள். எழுதிய அன்றைக்கே அந்தக் குரல் வந்தது. பள்ளி விழாவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற கணக்கு வாத்தியாரை ‘சிரிக்காதவர்’ என்றார்கள்; வெயிலுக்குச் சுருக்கியவர், அதற்குப் பிறகு பேரனைப் பார்த்தும் சிரிக்க முடியாமல் கன்னத்தை விரலால் தூக்கிவிட்டுக்கொண்டார். எப்போதோ ஒருமுறை ஒழுகிய வீட்டை ‘ஒழுகும் வீடு’ என்று எழுத, கூரையை மாற்றிப் பல வருஷமான அந்த வீட்டுக்குள் மட்டும் கோடையிலும் சொட்டியது. வீட்டுக்காரர் வாளிகளை வைத்தார், பிறகு அந்தத் தண்ணீரிலேயே துணி துவைக்கப் பழகிக்கொண்டார். பந்தாட்டத்தில் ஏழு கோல் விட்ட கோல்கீப்பரை ‘ஓட்டைக் கை’ என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் காலையில் அவர் கையில் கொடுத்த டீ டம்ளர் உள்ளங்கை வழியாக நேராகத் தரையில் விழுந்தது.

கோல்கீப்பர்தான் முதலில் அக்காவின் கதவைத் தட்டியவர், தட்டியது முழங்கையால். “அக்கா, நீங்க செஞ்ச பெட்டியிலதான் இது வந்துது. நீங்களே எடுத்துவிடுங்க. பந்து போகட்டும், அது எப்பவும் போனதுதான். பல் விளக்க முடியலையே!” என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கையின் வழியாக அக்காவுக்கு எதிர்ச் சுவரிலிருந்த கடிகாரம் தெரிந்தது. அக்கா பயந்துபோய், பொத்தான் இல்லாவிட்டால் என்ன என்று, தரவுப் பெட்டகத்துக்குள் நேராகப் போய் அந்தச் சொல்லை அழித்தார். அங்கேதான் தன் வேலையின் அவசரம் தன்னையே கடித்தது. நேரம் போதாமல், சொல்லையும் முகத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருந்தார். சொல்லை எடுத்தால் முகமும் கூடவே போகும். திரையில் கோல்கம்பங்களுக்கு நடுவே வெறும் புல் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் ஆள் இல்லை. அவர் மனைவிக்குப் போன் போட்டால், “எந்த வீட்டுக்காரரு? நான் தனி ஆளுங்க. ஆனா கட்டில்ல எதுக்கு ரெண்டு தலையணை கிடக்குதுன்னுதான் காலையில இருந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றார். அக்கா அவசர அவசரமாக, எழுதிய மூன்று பேரின் பெயரோடு அந்தச் சொல்லைப் பழையபடியே திருப்பி வைத்தார். நாற்காலியில் கோல்கீப்பர் இருந்தார், ஓட்டைக் கையோடு. “என்ன அக்கா, எடுக்க வரலையா?” என்று கேட்டார். வரவில்லை என்று சொல்லி, நீளக் குழாய் போட்ட ஒரு டம்ளரில் டீ கொடுத்து அனுப்பினார் அக்கா.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் வாயை மூட உலை மூடி கிடையாது என்பது தெரிந்ததுதானே. முன்பும் ஊர் சொன்னது மனுஷன்மேல் ஒட்டத்தான் செய்தது, இப்போது கொஞ்சம் கெட்டியாக ஒட்டுகிறது என்றார்கள். தூக்கம் போனது அக்காவுக்கு மட்டும்தான். சோறு ஆறிப்போகும்; அக்கா திரையில் புதிதாக வரும் சாம்பல் சொற்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான், பழைய பள்ளி விழா ஒன்றில், மரக்கிளையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்த பையனின் முகத்துக்குக் கீழே ஒரு சொல் வந்தது. அந்தப் பையன் தம்பி. வந்த சொல் ‘காலமானவர்’.

எழுதியவன் தம்பியோடு படித்தவன், கடல் கடந்து எங்கோ வேலையில் இருப்பவன். அக்கா அவனைத் தேடிப் பிடித்துக் கேட்டார். “ஐயோ அக்கா, அவன் இருக்கானா? எங்க பள்ளிக்கூடக் குரூப்புல மூணு வருஷமா ஒரு வாழ்த்துக்குக்கூடப் பதில் போடலையே! உசுரோட இருக்கிறவன் அப்படி இருப்பானா?” என்றான். பிறகு அழுதான், பிறகு சிரித்தான், எப்படி எடுப்பது என்று கேட்டான். எடுக்க முடியாது என்று அக்கா சொன்னார். இதற்குள் அதே குரூப்பில் இன்னொருத்தி, அவன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, தானும் அதே சொல்லை எழுதி, குரூப்பில் ஒரு பூவும் வைத்துவிட்டாள். இரண்டாகிவிட்டது. சாம்பல் சொல்லுக்குச் சாம்பல் அளவுக்குப் பலன் இருந்தது. வங்கி வாசலில் ஆளைக் கண்டால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு தம்பிக்குத் திறக்கவில்லை. பின்னால் வேறு யாராவது வரும்வரை நின்றான். லிப்டுக்குள் ஏறினால் எடை காட்டும் எண் பூஜ்யத்திலேயே நின்றது. தன் கையால் சரிபார்த்த லிப்ட் தன்னையே எண்ணவில்லை என்பதுதான் தம்பிக்கு அவமானம். மற்றபடி வீட்டுக்கு வந்து, “இனிமே நான் எவ்வளவு தின்னாலும் எடை கூடாது அக்கா, இன்னொரு கரண்டி போடு” என்றான். “வாயை மூடுடா” என்றார் அக்கா. இரண்டு கரண்டி போட்டார்.

மூன்றாவது ஆள் எங்கேயோ இருந்தான். அதுதான் அக்காவைத் தின்றது. குரூப்பில் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று வெளிநாட்டில் இருந்தவன் எழுதத்தான் எழுதினான். ஆனால் குரூப்பில் ஒரு செய்தியை முழுக்கப் படிக்கிறவர்கள் எத்தனை பேர்? பாதி பேர் மேலேயிருக்கிற பூவைப் பார்த்துவிட்டு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா அந்தச் சொல்லையே யாரும் எழுத முடியாதபடி தடுத்துப் பார்த்தார். காலையில் தடுத்தார், ஏற்கெனவே எழுதியிருந்த இடங்களிலும் அது செல்லாமல் போயிற்று; மத்தியானம் ரொட்டிக்கடை வரிசையில் பழைய தபால்காரர் நின்றார். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. முன்னால் நின்றவரிடம் தன் சைக்கிளை யார் எடுத்தது என்று மட்டும் கேட்டாராம். அதை அவருடைய மனைவி எப்போதோ விற்றுவிட்டிருந்தார். நூலகர் மூச்சிரைக்கப் போன் செய்தார்: “அக்கா, பழைய கல்யாண வீடியோவுல போய்ச் சேர்ந்தவங்கதான் பாதிப் பேரு. எல்லாரும் திரும்பி வந்து அவங்கவங்க வீட்டுல படுக்க இடம் கேட்டா நான் எங்க போவேன்?” அக்கா தடையை எடுத்தார். தபால்காரர் சண்டை சச்சரவு இல்லாமல் போய்விட்டார். வாங்கிய ரொட்டி மட்டும் மேடைமேல் இருந்தது. இணையதளத்தையே மூடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் மூடியும் பார்த்தார்கள். ஊரில் சொல் விழுந்தவர்கள் அத்தனை பேரும் அவரவர் நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டதால் அவசரமாகத் திறந்தார்கள். பேருந்து ஓட்டுநர்மேல் யாரும் எதுவும் எழுதாதது அவர்கள் செய்த புண்ணியம்.

எடுக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது, மூடவும் முடியாது. மிச்சம் இருந்தது ஒரே வழி. நிலைத்தாலும் ஐந்துக்குள் வராத சொல்லுக்கு அவ்வளவு பலம் இல்லை என்பதை அக்கா கவனித்திருந்தார். ரொட்டிக்கடைக்காரருக்கு ஆறாவதாக ‘செவிடு’ என்று ஒரு சொல் இருந்தது. யாராவது ‘மேலும்’ பொத்தானை அமுக்கிப் பார்க்கும் நேரம் மட்டும்தான் அவருக்குக் காது அடைத்தது, மற்ற நேரத்தில் அடுத்த தெருவில் பேசுவதுகூடக் கேட்டது. ஆகவே, அந்த மூன்றாவது ஆள் வருவதற்கு முன்னால், தம்பிமேல் வேறு ஐந்து சொற்களை ஒவ்வொன்றுக்கும் நான்கு பேராவது எழுதிவிட வேண்டும். காலமானதை ஆறாவது இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும். அக்கா குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

ஒரு மனுஷனைப் பற்றி ஊரில் நான்கு பேரை ஒரே சொல்லைச் சொல்லவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. நல்லவன் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், எழுதச் சொன்னால் ஒருத்தர் ‘நல்ல பையன்’ என்பார், ஒருத்தர் ‘தங்கமானவர்’ என்பார், இன்னொருத்தர் ‘பரவாயில்லை’ என்று எழுதிவைப்பார். மூன்றும் தனித்தனியாகச் சாம்பலில் கிடக்கும். கெட்ட சொல்லில்தான் ஊர் ஒற்றுமையாக இருந்தது. கூடப் படித்தவர்கள் ‘மரமேறி’ என்றார்கள், அது நிலைத்தது. தம்பி மறுநாளிலிருந்து படி ஏறாமல், பின்பக்கத்து வேப்பமரம் வழியாக மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வந்தான். ‘பசி தாங்காதவர்’ நிலைத்தது. அதில் புதிதாக ஒன்றும் மாறவில்லை. ‘விசிலடிப்பவர்’ நிலைத்தது, எப்போதோ பள்ளியில் அடித்த விசில் திரும்பி வந்து, தூக்கத்தில்கூட அவன் உதட்டைவிட்டுப் போகவில்லை. அந்த வீடியோவை யாரோ இடம்வலம் மாற்றி ஏற்றியிருந்ததால் நான்கு பேர் ‘இடதுகைக்காரர்’ என்று எழுதினார்கள். இத்தனை வருஷம் வலது கையால் திருகிய மனுஷன் ஸ்குரூ டிரைவரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு வாரம் எல்லா லிப்டையும் தப்பாகத் திருகினான். அது பொய் என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்து என்ன, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற நிலைமையிலா இருந்தார்? “என்னை ஏன் அக்கா இப்படி ஊரெல்லாம் கூட்டித் திட்டவைக்கிற?” என்று தம்பி கேட்டான். “திட்டட்டும். திட்டுறதுக்கு ஆள் இருந்தாத்தானே திட்டுவாங்க” என்றார் அக்கா.

ஐந்தாவது சொல் ‘தொல்லை’. அதற்கு மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள்: மேல்மாடிக்காரி, பால்காரர், தம்பியிடம் லிப்டில் மாட்டிக்கொண்டு அவன் பேச்சை முழுக்கக் கேட்க நேர்ந்த ஒரு வக்கீல். சொல் கறுப்பாகிவிட்டது, ஆனால் அந்தப் பக்கத்திலும் மூன்று விழுந்துவிட்டால், பிந்தி எழுதிய இந்தச் சொல்தான் பின்னால் நிற்கும் என்பதால், இன்னும் ஒருவர் இருந்தால் நெஞ்சு ஆறும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். சாப்பிட்டதும் கிளம்பி ஒருவரைப் பிடித்துவிட வேண்டும் என்று அக்கா மனசுக்குள் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தார். தம்பி இடது கையில் ஜக்கைத் தூக்கி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, சந்தைக் கட்டடத்து லிப்டில் வந்த ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுநடுவே விசில். “கதவை நெம்பித் திறந்து டார்ச் அடிச்சேன் அக்கா. உள்ள பாத்தா…”

போன் அடித்தது. அத்தை. அக்கா எடுத்ததும், “வேலை முடிஞ்சுது, இனிமே கவலைப்படாதே” என்றாள் அத்தை வெற்றிக் குரலில். எந்த வேலை என்று அக்கா கேட்டார். “அதான், ஒட்டு! எவனோ நம்ம பையனைச் செத்தவன்னு எழுதிட்டான்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நான் விடுவேனா? கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். காலமாகலைன்னு எழுதலாம்னு ரெண்டு எழுத்து அடிச்சேனா, மிச்சத்தை அதுவே காமிச்சுது. பரவாயில்லையே, நம்ம பொண்ணு எவ்வளவு கெட்டிக்காரியா செஞ்சிருக்கான்னு அப்படியே அமுக்கிட்டேன்.”

அக்கா போனைப் பிடித்தபடியே மேஜையைப் பார்த்தார். தம்பி நின்றுவிட்டிருந்தான். விழவில்லை, சாயவில்லை, வாய் பாதி திறந்திருக்க, புருவம் தூக்கியபடி, அடுத்த வார்த்தைக்கு முந்தின இடத்தில் நின்றிருந்தான். ஜக்குக்கும் டம்ளருக்கும் நடுவே தண்ணீர் ஒரு கண்ணாடிக் குச்சிபோல நின்றது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார்; ஈரம் இருந்தது, அசைவு இல்லை. அவன் மூக்கருகே விரலை வைத்தார். ஒன்றும் இல்லை. “என்னடி சத்தத்தையே காணோம்? ஒரு நல்லது செஞ்சா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?” என்றது போன். அக்கா அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே ஓடினார்.

ஏன் கீழே என்றால், அந்தக் கட்டடத்தில் தம்பியைத் தொல்லை என்று சொல்லக் கேட்கவே வேண்டாத ஒரே ஆள் அங்கேதான் இருந்தார். இவ்வளவு நாளும் அவரிடம் போகக் கூச்சப்பட்டு, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் அவர் கதவைத்தான் இரண்டு கையாலும் தட்ட வேண்டியிருந்தது. கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தோடுதான் கதவைத் திறந்தார். விசிலுக்கு இடிக்க எடுத்தது. “வாங்க, நானே வரணும்னு இருந்தேன். ஒரு வாரமா உங்க தம்பி ராத்திரி பகல்னு இல்லாம ஊதுறார். மரத்துல வேற ஏறி என் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து வணக்கம் சொல்றார். அவரைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை எங்கிட்ட கிடைக்காது, சொல்லிட்டேன்!” என்றார். “நல்ல வார்த்தை வேண்டாங்க. கெட்ட வார்த்தையே சொல்லுங்க. தொல்லைன்னு சொல்லுங்க, அதை இதுல எழுதுங்க” என்று அக்கா தன் போனைத் தேடினார்; அது மேலே கவிழ்ந்து கிடந்தது. கீழ்வீட்டுக்காரர் தன் போனை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, அட்டை எண்ணை ஒவ்வொன்றாக அடித்தார். திரை, ‘இந்த அட்டை முடக்கப்பட்டுள்ளது’ என்றது. எப்போதோ எடுத்த புத்தகத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. ரோஜாச் செடி வளர்ப்பது பற்றிய புத்தகம்; ஆடுகிற அலமாரியின் காலுக்கு அடியில் அது இப்போதும் நன்றாகத்தான் உழைத்துக்கொண்டிருந்தது.

அவர் போனிலிருந்தே அக்கா நூலகரைக் கூப்பிட்டார். நூலகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அட்டையைத் திறக்க வேண்டும் என்றதும், அலுவலகக் குரலில், “புத்தகம் வரட்டும் அக்கா, திறந்துடுவோம். விதின்னு ஒண்ணு இருக்குல்ல?” என்றார்.

“சார், தம்பி மூச்சு விடலை” என்றார் அக்கா.

அந்தப் பக்கம் தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார். விசில் நின்றிருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. துடைப்பத்தை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார். இவ்வளவு அமைதியை அந்த வீட்டில் குடிவந்த நாளிலிருந்து அவர் கேட்டதில்லை. கேட்டுத் தாங்க முடியவில்லை அவருக்கு. “சீக்கிரம் திறங்க சார்” என்று போனைப் பார்த்துக் கத்தினார், “நான் ரெண்டு புஸ்தகமா வேணும்னாலும் தரேன்!”

“திறந்துட்டேன்” என்றார் நூலகர். “ஆனா நாளைக்கு அது மேஜைக்கு வந்தாகணும்.”

கீழ்வீட்டுக்காரர் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த பையனின் முகத்தை விரலால் தொட்டார். இரண்டு எழுத்து அடித்தார், மிச்சத்தைத் திரை காட்டியது. அமுக்குவதற்கு முன்னால் அதை உரக்கப் படித்துச் சரிபார்த்தார், அத்தை செய்யாத வேலை அது. அமுக்கினார். இருவரும் கூரையைப் பார்த்தபடி நின்றார்கள். அக்கா ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேலே நாற்காலி நகர்ந்தது. கனமாக ஏதோ ஓர் இரும்பு தரையில் விழுந்தது. கீழ்வீட்டுக்காரர் கை தானாகத் துடைப்பத்துக்குப் போயிற்று. போனது பாதியில் நின்றது. “இன்னைக்கு ஒரு நாள் விட்டுடறேன்” என்றார்.

அக்கா மேலே போனபோது டம்ளர் நிரம்பி வழிந்து மேஜையெல்லாம் தண்ணீர். தம்பி அதை இடது கையால் துடைத்துக்கொண்டிருந்தான். “எங்க போயிட்ட? பேசிக்கிட்டே இருக்கேன், ஆளைக் காணோம். உள்ள பாத்தா ஒரு பூனை அக்கா, குட்டியோட!” என்றான். அக்கா அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார். பிறகு தான் எதற்கு அழுகிறோம் என்று சொல்லாமல் சாப்பாட்டைச் சூடு பண்ணப் போனார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. இரண்டாம் கட்டம் வரவில்லை. நூலகர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பதில் வந்தவர் நீக்கும் பொத்தான் பற்றிக் கேட்க, அக்கா அவரைக் கோல்கீப்பர் வீட்டுக்கு டீ குடிக்க அனுப்பி வைத்தார், அதோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார். தையல்காரரின் மனைவி கச்சேரிகளுக்குப் போனார். தையல்காரர் கூடவே போய் முதல் வரிசையில் தூங்கினார். ரோஜாப் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பி, கீழ்வீட்டு அலமாரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தம்பிக்குக் கண்ணாடிக் கதவுகள் திறந்தன, லிப்ட் அவனை எண்ணியது. அவன் நினைத்ததைவிட ஆறு கிலோ கூடுதலாகவே இருந்தான். அக்கா வாரம் ஒருமுறை எண்ணிக்கையைப் பார்ப்பார். ‘தொல்லை’ முதலிடத்துக்கு ஏறிவிட்டது, யாரும் கேட்காமலேயே ஏறுகிறது. யாராவது வந்து தம்பியைப் பற்றிக் குறை சொன்னால், அக்கா மறுத்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. உட்காரவைத்து, முழுக்கக் கேட்டு, நூலக அட்டை இருக்கிறதா என்று மட்டும் விசாரிப்பார்.

காலமானது அழியவில்லை. ஆறாவது இடத்தில், ‘மேலும்’ பொத்தானுக்குப் பின்னால், அதுபாட்டுக்கு இருக்கிறது. எங்கேயோ யாரோ பொழுதுபோகாமல் அந்தப் பழைய பள்ளி விழாவைத் திறந்து பொத்தானை அமுக்கும் நாளில், தம்பி சட்டென்று நிற்பான். வாயில் பாதி வார்த்தை, ஜக்கில் பாதித் தண்ணீர். விருந்தாளி யாராவது இருந்தால் பதறி எழுந்திருப்பார்கள். அத்தை தட்டிலிருந்து நிமிராமலே, “ஒண்ணுமில்ல, யாரோ பாக்குறாங்க. நீ சாப்பிடு, ஆறிடும்” என்பாள். அவர்களும் சாப்பிடுவார்கள். அக்கா மட்டும் கையைத் தட்டுக்குமேல் வைத்தபடி காத்திருப்பார். பார்க்கிறவர் பார்த்து முடித்ததும் தண்ணீர் டம்ளரில் விழும், விசில் விட்ட இடத்திலிருந்து தொடங்கும், கீழ்வீட்டிலிருந்து துடைப்பக் கட்டை கூரையில் இரண்டு இடி இடிக்கும். இரண்டாவது இடியும் கேட்ட பிறகு அக்கா சாப்பிட ஆரம்பிப்பார்.